மாப்பிள்ளைக்கு வைத்த லேகியம்

தென்காசி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த லாட்ஜின் மாடிப்படியில் ஏறும்போது சிவசைலம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். திருநெல்வேலி டவுனில் நாட்டு மருந்துக்கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே எல்லாக் கடையிலும் அவரைத் தெரியும். துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும், அவர் தலையைக் கண்டால் "வாங்க சார்" என்று எழுந்து நிற்பார்கள். அப்படி எழுந்து நிற்கிறவனிடம் போய் ஆண்மைக்கு மருந்து இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? ஐம்பது கிலோமீட்டர் பேருந்தில் குலுங்கிக்கொண்டு வந்ததே தேவலை என்றிருந்தது.

மாதம் இரண்டு நாள் அந்த லாட்ஜில் ஒரு வைத்தியர் முகாம் போடுவார். அவருடைய சுவரொட்டியைச் சிவசைலம் தன் வீட்டு மதிலிலிருந்து எத்தனையோ முறை தண்ணீர் ஊற்றிச் சுரண்டியிருக்கிறார். கடைசியாகச் சுரண்டியபோது தொலைபேசி எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்.

வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெண் பெயர் கேட்டாள்.

"அப்பாத்துரை" என்றார்.

அப்பாத்துரை அவரிடம் பதினோரு வருஷம் அலுவலகத்தில் பியூனாக இருந்தவன். நல்ல மனுஷன். செத்து மூன்று வருஷமாகிறது. அந்த நேரத்துக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. அவள் எழுதி முடித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மருந்து அவருக்கல்ல, மாப்பிள்ளைக்கு. ஒரே மகள் சித்ரலேகாவை வைகாசியில் பாளையங்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை குமரவேலுக்குக் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை. குணத்தில் குறை சொல்ல முடியாது. ஆவணியில் மகள் வந்திருந்தபோது, அடுப்படியில் தன் தாயிடம் அவள் அழுதுகொண்டே சொன்னது சிவசைலத்தின் காதில் விழுந்தது. "அவிய பக்கத்துலயே வர மாட்டேங்காவம்மா. திரும்பிப் படுத்துக்கிடுதாவ. கேட்டா அசதிங்காவ." அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகளின் கண்ணீர் பாதிக் காரணம். மீதிப் பாதி, இந்தப் பேச்சு அடுப்படியைத் தாண்டி வெளியே போய்விடுமே என்பது. தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு பெண் வாழாமல் திரும்பி வந்தாள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

மனைவி பிரம்மநாயகியிடம் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆண்கள் கேட்கிற காரியமா அது? மாப்பிள்ளையிடம் பேசுவது அதைவிடக் கேவலம்.

வைத்தியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வயசு?"

"முப்பத்திரண்டு."

"உங்களுக்கா?"

"எனக்கில்ல வே. தெரிஞ்ச பையனுக்கு."

"எல்லாரும் அப்படித்தான் அண்ணாச்சி சொல்லுதாங்க. வெக்கப்படாதீங்க." வைத்தியர் ஒரு சிறிய டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே கறுப்பாக, களிம்பு போல ஏதோ இருந்தது. "பொதிகை மலைச் சரக்கு. பத்தொம்பது மூலிகை. ஒரு சுண்டைக்காய் அளவு போதும். பால்லயும் கலக்கலாம், லேகியத்துலயும் கலக்கலாம். திங்கிறவனுக்கே தெரியாது."

"எத்தனை நாள்ல குணம் தெரியும்?"

"நாளா? முக்கால் மணி நேரம்."

முப்பத்து நான்கு வருஷம் பட்டாவிலும் சிட்டாவிலும் அடித்தல் திருத்தல்களைக் கண்ணாலேயே கண்டுபிடித்த மனிதர் அவர். வேரும் பட்டையும் முக்கால் மணி நேரத்தில் வேலை செய்யுமா என்று அவர் அங்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மூலிகைதானே, ஒண்ணும் செய்யாதே?" என்று மட்டும் கேட்டார்.

"மூலிகை என்னைக்கு அண்ணாச்சி ஒரு ஆளைக் கெடுத்திருக்கு?" என்றார் வைத்தியர். சிவசைலம் கதவைத் திறந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒண்ணே ஒண்ணு. நெஞ்சுவலிக்கு மாத்திரை போடுத ஆளுக்கு மட்டும் குடுத்துராதீங்க."

மாப்பிள்ளைக்கு நெஞ்சு வலி கிடையாது. சிவசைலம் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் தலை தீபாவளி. பிரம்மநாயகி இரண்டு நாள் முன்பே தீபாவளி லேகியம் கிண்டி வைத்திருந்தாள். சுக்கு, ஓமம், கண்டந்திப்பிலி, சித்தரத்தை எல்லாம் வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நெய் பிரிந்து வரும்வரை கிண்டுவாள். அவள் கை லேகியத்துக்குச் சொந்தத்தில் பேர் உண்டு. தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெறும் வயிற்றில் அதைச் சாப்பிட்ட பிறகுதான் மற்ற பலகாரம். மாமனார் வீட்டில் அன்று லேகியத்தை வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. சிவசைலத்தின் கணக்கு இதுதான்.

எல்லாருக்கும் எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்தது. மாப்பிள்ளைக்கென்று வெள்ளிக் கிண்ணத்தில் தனியாக எடுத்து, பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரே கலந்தார். சுண்டைக்காய் அளவு என்று சொன்னது அவருக்குப் போதுமானதாகப் படவில்லை. நெல்லிக்காய் அளவு போட்டார்.

ஏழு மணிக்குச் சம்பந்தி வந்தார். திருஞானசம்பந்தம் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மனைவியை இழந்து ஆறு வருஷம். மகனும் மருமகளும் இங்கே வந்துவிட்டால் தீபாவளி அன்று வீட்டில் தனியாக இருப்பாரே என்று பிரம்மநாயகிதான் வற்புறுத்தி அழைத்திருந்தாள். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கோயிலில் தேவாரம் பாடுகிறவர், கணீரென்ற குரல். இரண்டு வருஷம் முன்பு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றே அதை அவர் தானாகவே சொன்னார். "பின்னால தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாது பாருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே சிவசைலம் அந்தச் சம்பந்தத்தை முடித்தார்.

"என்ன வே, முகம் லேகியம் மாதிரி இறுகிக் கிடக்கு? தலை தீபாவளிச் செலவை நினைச்சீரோ?" என்று சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

சித்ரலேகா தட்டில் கிண்ணங்களைக் கொண்டுவந்தாள். வெள்ளிக் கிண்ணத்தைக் கணவனிடம் நீட்டினாள். குமரவேல் அதை வாங்கி மோந்து பார்த்து முகம் சுளித்தான். பிறகு தகப்பனார் பக்கம் திருப்பினான்.

"அப்பா, மொதல்ல நீங்க எடுத்துக்கோங்க."

"கொண்டாலே. உங்கம்மை போனதுக்கப்புறம் எனக்கு யாரு லேகியம் கிண்டித் தாரா?"

சிவசைலம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அது மாப்பிள்ளைக்குன்னு வச்சது. சம்பந்தி, உங்களுக்கு இதுல எடுத்துக்கிடலாமே."

திருஞானசம்பந்தம் கையில் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் குறும்பு. "ஏன் வே, மாப்பிள்ளைக்கு வெள்ளி, அவனைப் பெத்தவனுக்கு எவர்சில்வரா? நிச்சயதார்த்தத்துல ரெண்டு குடும்பமும் சரிசமம்னு சொன்னீரே, அது இவ்வளவுதானா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரம்மநாயகிக்கு மட்டும் முகம் கன்றிப்போனது. "ஐயோ, நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி. இவிய ஒருத்தர், எதை எங்கே பேசணும்னு தெரியாம" என்று புருஷனை முறைத்தாள்.

அவர் சொல்லியிருக்கலாம். அதில் வேறு மருந்து இருக்கிறது, உமக்கு ஆகாது என்று ஒரே ஒரு வரி. சொன்னால் என்ன மருந்து என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லும்போது மகள் நிற்பாள், மாப்பிள்ளை நிற்பான், மாப்பிள்ளையின் தகப்பன் எதிரே இருப்பார். புதுவேட்டி கட்டி உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையை ஆண்மையில்லாதவன் என்று நாள் கிழமை பார்த்துச் சொன்ன மாமனார் என்று ஆகிவிடும். சிவசைலம் பைய உட்கார்ந்தார். மூலிகைதானே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். வைத்தியர் ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பார்.

திருஞானசம்பந்தம் கிண்ணத்தின் அடிவரை விரலால் வழித்தார். "லேசாக் கசக்கு தாயி. சித்தரத்தை கூடிப்போச்சோ?"

"அளவாத்தானே போட்டேன்" என்றாள் பிரம்மநாயகி.

குமரவேல் எவர்சில்வர் கிண்ணத்திலிருந்து நுனி விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டான். அவன் கடமை முடிந்தது.

இலை போட்டு இட்லியும் சுழியனும் பரிமாறினார்கள். சிவசைலத்தின் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. எட்டு மணி ஆகப்போகிற நேரம். சம்பந்தியின் முகமும் காது மடலும் ரத்தச் சிவப்பாக மாறின. நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"தலை விண் விண்ணுங்கு. நெஞ்சும் லேசாப் பிடிக்கி." சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. நாக்குக்கு அடியில ஒண்ணு வச்சா அடங்கிரும்."

"இருங்க சம்பந்தி!" என்று சிவசைலம் கையை நீட்டினார்.

"என்ன வே?"

கை அந்தரத்தில் நின்றது. "இல்ல, வெறும் வயித்துல..."

"ஆறு இட்லி தின்ன வயிறு உமக்கு வெறும் வயிறா?" சிரித்துக்கொண்டே மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தார். அன்று அவர் சிரித்த கடைசிச் சிரிப்பு அது. கை கழுவ எழுந்தவர் நாலு எட்டு வைத்திருப்பார். தூணைப் பிடிக்கப் போன கை தூணை எட்டவில்லை.

குமரவேல் தன் காரிலேயே அவரை வண்ணாரப்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் வெடிச் சத்தம். பின் இருக்கையில் சம்பந்தியின் தலையை மடியில் வைத்திருந்த சிவசைலத்துக்குத் தன் புதுவேட்டி அவருடைய வியர்வையில் நனைவது தெரிந்தது.

அவசரப் பிரிவில் இருந்தவர் டாக்டர் கலையரசி என்ற இளம் பெண். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார்.

"பிரஷர் அறுபதுக்கு இறங்கிட்டு. நாக்குக்கு அடியில வச்ச மாத்திரை மட்டும் இவ்வளவு இறக்காது. ஆண்மைக்குன்னு ஏதாவது மாத்திரை, சூரணம், லேகியம் எடுத்தாரா?"

"எங்கப்பா அப்படிப்பட்டவங்க இல்ல டாக்டர்" என்றான் குமரவேல்.

"நான் ஆளைப் பத்திக் கேக்கல. மருந்தைப் பத்திக் கேக்கேன். மூலிகைன்னு விக்கிறதுல எல்லாம் இங்கிலீஷ் மாத்திரையைப் பொடிச்சுப் போட்டுருதாங்க. அது உள்ள இருக்கும்போது நெஞ்சுவலி மாத்திரை சேர்ந்தா பிரஷர் இப்படித்தான் விழும். ஈ.சி.ஜி.யிலயும் மாற்றம் இருக்கு. வலி வந்தா நாங்க அதே நெஞ்சுவலி மருந்தைத்தான் டிரிப்ல ஏத்துவோம். விஷயம் தெரியாம ஏத்தினா ஆள் போயிருவாரு. யோசிச்சுச் சொல்லுங்க."

குமரவேல் இல்லை என்று உறுதியாகத் தலையை ஆட்டினான். டாக்டர் திரும்பி நடந்தார். சிவசைலம் அவசரப் பிரிவின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே யாரோ டிரிப் பாட்டிலைக் கொண்டுபோவது தெரிந்தது. அவர் டாக்டரின் பின்னாலேயே போனார். திருப்பத்தில், யாருக்கும் கேட்காத இடத்தில், கூப்பிட்டார்.

"டாக்டர். அவரு சாப்பிட்டிருக்காரு. ஏழு மணிக்கு. கொஞ்சம் கூடுதலாவே."

"என்ன மருந்து?"

"பேரு தெரியாது. ஏதோ முகாம்ல வாங்கினது."

"உங்ககிட்ட அவரே சொன்னாரா?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது. சிவசைலம் தலையை மேலும் கீழும் அசைத்தார்.

"நான் சொன்னதா வெளியே வர வேண்டாம்" என்றும் கேட்டுக்கொண்டார்.

டாக்டர் வேகமாக உள்ளே போனார். திருஞானசம்பந்தம் பிழைத்தார்.

மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து கொடுத்த காகிதத்தில் இன்ன மருந்தை நோயாளி உட்கொண்டதால் என்று தெளிவாக எழுதியிருந்தது. குமரவேல் அதை இரண்டு முறை படித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டான். தகப்பனார் "நான் எதையும் தொடலலே" என்றார். அவன் பில் கட்டப் போய்விட்டான். பார்க்க வந்த சொந்தக்காரர்களில் யாரோ காகிதத்தை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் டவுன், பாளையங்கோட்டை, பேட்டை என்று பேச்சு பரவியது. பெண்டாட்டி செத்த மனுஷனுக்கு, அதுவும் நல்ல நாளில், சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது, எதுக்கு அந்த மருந்து? கேட்டவர்கள் கண்ணடித்துக்கொண்டார்கள். வீட்டில் சின்ன வயது மருமகள் இருக்காளே என்று இழுத்தவர்களும் உண்டு.

பிரம்மநாயகி ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "சித்ராவுக்குக்கூட மாமாவைப் பார்க்கச் சங்கடமா இருக்காம். பாவம், இப்பத்தான் அவளுக்கு ஒரு நிம்மதி வந்துச்சு. மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிப்டும் சுகருமாச் சேர்ந்து படுத்தியிருக்கு. புரட்டாசியிலேயே ரெண்டு பேரும் சேர்ந்து போய் டாக்டரைப் பார்த்துட்டாவ. மாத்திரை சாப்பிட்டு இப்ப எல்லாம் நல்லபடியா இருக்கு."

சிவசைலம் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை இறக்கினார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட இதையெல்லாம் யாரு பேச முடியும்?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு நல்ல நாள் பார்த்து, சம்பந்தியை விசாரிக்கச் சிவசைலம் தனியாகப் போனார். மாப்பிள்ளை உள் அறையில் இருந்தான். சித்ரலேகா காப்பி கொண்டுவந்தாள். தகப்பனாருக்குக் கையில் கொடுத்தாள். மாமனாரின் தம்ளரை எட்டத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். "வாங்க மாமா, சாப்பிடுங்க மாமா" என்று சுற்றிச் சுற்றி வந்த பெண் அவள்.

திருஞானசம்பந்தம் அந்தத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். குரல் அதைவிட இறங்கியிருந்தது.

"பிரதோஷத்துக்குப் போறதில்ல வே. போன தடவை நான் பாட ஆரம்பிச்சதும் ரெண்டு பேரு வாயைப் பொத்திச் சிரிச்சாங்க." தோளில் கிடந்த துண்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு கேக்கேன், உண்மையைச் சொல்லும். நான் அந்த மருந்தைச் சாப்பிட்டிருப்பேன்னு நீர் நம்புதீரா?"

"இல்ல சம்பந்தி. உங்களைப் பத்தி எனக்குத் தெரியும்."

அவர் எட்டிச் சிவசைலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. "பெத்த பிள்ளை நம்பல. ஊரு நம்பல. நீர் ஒருத்தர் நம்புதீரே, அது போதும் எனக்கு."

சிவசைலம் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பின்ன எப்படி வே என் உடம்புக்குள்ள வந்துச்சு? நானும் நித்தம் யோசிக்கேன். காலையில எந்திரிச்சேன், குளிச்சேன், பிரஷர் மாத்திரை போட்டேன். உம்ம வீட்டுக்கு வந்தேன். வந்ததும் லேகியம்..."

நிறுத்தினார்.

"கசந்துச்சு" என்றார்.

உள்ளே பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்டது. திருஞானசம்பந்தம் சிவசைலத்தின் முகத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "மாப்பிள்ளைக்குன்னு வச்சது" என்று, வகுப்பில் ஒரு வரியைத் திரும்பச் சொல்கிறவர் போல, மெல்லச் சொன்னார். பிடித்திருந்த கையை விட்டார். மகன் இருந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கிண்ணம் ஏன் மகனுக்கென்று வைக்கப்பட்டது என்பதும் அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். மறுபடி சிவசைலத்தைப் பார்த்தபோது அந்தக் கண்ணில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் சிவசைலம் தாங்கியிருப்பார்.

"ஏலே குமரா" என்று கூப்பிட்டார்.

இப்போதாவது தானே முந்திக்கொண்டு சொல்லிவிடலாம் என்று சிவசைலம் ஒரு கணம் வாயைத் திறந்தார். குமரவேல் கதவருகே வந்து நின்றான். அவன் பின்னால் சித்ரலேகா. மகளைப் பார்த்ததும் சிவசைலத்தின் வாய் மூடிக்கொண்டது.

"என்னப்பா?"

"மாமா முன்னாலயே சொல்லிருதேன். அந்த மருந்தை நான்தாம்லே வாங்கிச் சாப்பிட்டேன். புத்தி கெட்டுப்போச்சு. இத்தனை நாளும் பொய் சொல்லிட்டேன். இனி இந்த வீட்டுல இதைப் பத்தி யாரும் பேச வேண்டாம், யாரையும் விசாரிக்க வேண்டாம்."

குமரவேலின் முகம் சுருங்கியது. உள்ளே போனான். சித்ரலேகா தன் தகப்பனாரைப் பார்த்தாள். இப்படிப்பட்ட வீட்டிலா என்னைக் கொடுத்தீர்கள் என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை. பிறகு அவளும் போனாள்.

இருவரும் தனியே இருந்தார்கள். திருஞானசம்பந்தம் தன் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"உம்ம மக என் வீட்டுல விளக்கேத்துதா வே" என்றார். "அவ தலை குனியக் கூடாது. என் பிள்ளையும் தலை குனியக் கூடாது. காப்பி ஆறுது, குடியும். குடிச்சிட்டுக் கிளம்பும்."

சிவசைலம் குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்து, தம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

எதிர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர், பழைய தாலுகா ஆபீஸ் கிளார்க், அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க சார். பெரிய மனசு சார் உங்களுக்கு. இவ்வளவு நடந்தும் அந்த ஆள் வீட்டுக்கு வந்து போய்க்கிட்டு இருக்கீங்களே."

சிவசைலம் மரியாதைக்குத் தலையை அசைத்தார். குடையை ஊன்றி, முதுகை நிமிர்த்தி, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அவருக்கு வேறு மாதிரி நடக்கத் தெரியாது.